துணைநின்றதற்காக ஒரு விருது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மென்பொருள் துறையில் வேலை செய்பவன். பார்வையற்ற நிரலாளர்களோடு பல ஆண்டுகள் சேர்ந்து பணியாற்றியதற்காக எனக்கு ஒருமுறை விருது தந்தார்கள். பின்னர் அதே விருதுக்கான தேர்வுக்குழுவில் சில ஆண்டுகள் இருந்தேன். வாங்கியவனாகவும் கொடுத்தவனாகவும் இருந்ததால், வேறு துறைகளில் விளிம்புநிலைச் சமூகத்தாருக்குத் துணைநின்றதற்காக இத்தகைய விருது பெற்றவர்களும் தங்கள் ஐயங்களை என்னிடம் கேட்கிறார்கள். துறை மாறினாலும் சமூகம் மாறினாலும் கேள்விகள் பெரும்பாலும் மாறுவதில்லை என்பதால், கேட்டவர்களின் சொற்களிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

இந்த விருதை எதற்காகத் தருகிறார்கள்? நல்ல மனத்துக்கா, செய்த வேலைக்கா?

செய்த வேலைக்குத்தான். ஒரு துறையில் சிலருக்கு வாசலே அடைபட்டிருக்கிறது. வேறு சிலர் உள்ளே வந்தபின் நிலைத்திருக்க முடியாதபடி அங்குள்ள வழக்கங்கள் அமைந்திருக்கின்றன. அந்த வழக்கங்களில் ஒன்றையேனும் மாற்றி, மாற்றம் நிலைத்து நிற்கும்படி செய்தவரைத்தான் தேர்வுக்குழு தேடுகிறது. விண்ணப்பங்களைப் படிக்கும்போது நாங்கள் முதலில் எழுப்பிக்கொண்ட கேள்வி, இவர் நாளைக்கே வேலையை விட்டுப் போய்விட்டால் இவர் செய்ததில் எது மிஞ்சும் என்பதே.

எங்கள் துறையிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். பார்வையற்ற சக ஊழியருக்குத் திரையில் இருப்பதை அவ்வப்போது படித்துக் காட்டுவது ஓர் உதவி. நிறுவனம் வாங்கும் எந்த மென்பொருளும் திரைவாசிப்பானோடு (திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துச் சொல்லும் மென்பொருள்) ஒழுங்காக இயங்குகிறதா என்று சோதித்த பிறகே வாங்கப்படும் என்று கொள்முதல் விதியில் எழுதவைப்பது விருதுக்குரிய வேலை. படித்துக் காட்டுபவர் அன்பானவர் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவர் விடுப்பு எடுக்கும் நாளில் அந்த ஊழியரின் வேலை நின்றுவிடுகிறது.

விளிம்புநிலைச் சமூகம் என்று யாரைச் சொல்கிறீர்கள்? ஒவ்வொருவரும் ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்களே!

பட்டியல் துறைக்குத் துறை வேறுபடும், வேறுபடத்தான் வேண்டும். மக்கள்தொகையில் ஏறக்குறையப் பாதியாக இருக்கும் பெண்கள் இயற்பியல் ஆய்வகங்களில் விளிம்பில் இருக்கிறார்கள். செவிலியர் பணியில் அந்த நிலை இல்லை. சாதி, இனம், பாலினம், மாற்றுத்திறன், மொழி, அகதிநிலை ஆகியவற்றுள் எது ஒருவரை அந்தக் குறிப்பிட்ட துறையின் வாசலில் தடுத்து நிறுத்துகிறதோ, அதைக் கொண்டே முடிவு செய்ய வேண்டும்.

நான் அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவன் இல்லை. இந்த விருதை வாங்க எனக்கு உரிமை உண்டா?

விருதின் விதியை முதலில் பாருங்கள். சில அமைப்புகள் துணைநின்றவருக்கான விருதையும் சமூகத்தாருக்கே உரிய விருதையும் பிரித்தே வைத்திருக்கின்றன. அமெரிக்காவின் கிளாட் அமைப்பு, பால்புதுமையினரின் (தன்பாலீர்ப்பினர், திருநர் உள்ளிட்டோர்) சம உரிமைக்காகப் பங்காற்றிய ஊடகத் துறையினருக்கு வான்கார்டு விருதையும், தம்மைப் பால்புதுமையினர் என்று வெளிப்படையாக அறிவித்துக்கொண்ட ஊடகத் துறையினருக்கு ஸ்டீபன் கோல்சாக் விருதையும் தனித்தனியே வழங்குகிறது. உங்களைத் தேடி வந்திருப்பது துணைநின்றவருக்கான விருது என்றால் தயங்க வேண்டாம். சமூகத்தாருக்கே உரிய விருது தவறுதலாக உங்களிடம் வந்திருந்தால், அதை உரியவருக்கு வழங்கும்படி உடனே எழுதிவிடுங்கள்.

துணைநிற்பவருக்கு என்ன இடம் என்று கேட்பவர்களுக்கு நான் பீட்டர் நார்மனைப் பற்றிச் சொல்வதுண்டு. 1968ஆம் ஆண்டு மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் வென்ற ஆஸ்திரேலியர் அவர். தங்கமும் வெண்கலமும் வென்ற அமெரிக்கக் கறுப்பின வீரர்கள் டாமி ஸ்மித்தும் ஜான் கார்லோஸும் பதக்க மேடையில் கறுப்புக் கையுறை அணிந்த கையை உயர்த்தி நின்றபோது, மனித உரிமைக்காக அவர்கள் அணிந்திருந்த அதே சின்னத்தைத் தாமும் நெஞ்சில் குத்திக்கொண்டு, கையை உயர்த்தாமல், உடன் நின்றார். 2006இல் அவர் இறந்தபோது அவருடைய சவப்பெட்டியைத் தோளில் சுமந்தவர்களில் ஸ்மித்தும் கார்லோஸும் இருந்தார்கள். உங்கள் கேள்விக்கு அந்தத் தோள்களைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது.

பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லையே, வாங்கவே கூச்சமாக இருக்கிறது. என்ன செய்வது?

கூச்சம் இரண்டு காரணங்களால் வரலாம். செய்ததை நீங்களே குறைத்து மதிப்பிடுவது ஒன்று. நீங்கள் எழுதவைத்த ஒரு விதியால் வேலையில் நீடிக்க முடிந்தவருக்கு அது சிறிய செயலாகத் தெரிந்திருக்காது. அவரிடம் கேட்டுப் பாருங்கள். உங்கள் அளவுகோலைவிட அவருடையது துல்லியமானது.

மற்றொன்று, உண்மையிலேயே குறைவாகச் செய்திருப்பது. ஒரு கூட்டத்தில் ஆதரவாகப் பேசியதற்கும், ஒரு கட்டுரையைப் பகிர்ந்ததற்கும் விருது தருகிறார்கள் என்றால், அந்தக் கூச்சத்துக்கு மதிப்புக் கொடுங்கள். இன்னும் இரண்டு ஆண்டுகள் கழித்துப் பரிசீலிக்கும்படி கேட்டவர் ஒருவரை எனக்குத் தெரியும். தேர்வுக்குழுவில் இருந்த எங்களுக்கு அவர்மீது இருந்த மதிப்பு அதனால் கூடியது.

அறிவிப்பு வந்துவிட்டது. முதலில் யாரிடம் சொல்ல வேண்டும்?

வீட்டாருக்கு அடுத்தபடியாக, யாருடன் சேர்ந்து அந்த வேலையைச் செய்தீர்களோ அவர்களிடம். பொது அறிவிப்பைப் பார்த்து அவர்கள் தெரிந்துகொள்ளும் நிலை வரவே கூடாது. சொல்லும்போது, அறிவிப்பில் தங்கள் பெயரோ படமோ வருவதில் அவர்களுக்குச் சம்மதமா என்றும் கேட்டுவிடுங்கள். திருநராக இருப்பதையோ, புலப்படாத ஒரு நோயுடன் வாழ்வதையோ, தம் சாதியையோ பணியிடத்தில் எல்லோருக்கும் சொல்லாமல் இருப்பவர்கள் உண்டு. உங்கள் விருதுச் செய்தியில் நெருங்கிய சகா என்று ஒருவரின் படம் வெளிவந்தாலே, அவர் யாரென்று பிறர் ஊகித்துவிட முடியும். அந்த ஊகத்தின் விளைவை வேலையிலும் வீட்டிலும் சுமக்கப்போகிறவர் அவர்தான்.

பாராட்டுரையில் என்னைப் பற்றி மிகைப்படுத்தி எழுதியிருக்கிறார்கள். திருத்தச் சொன்னால் மரியாதைக் குறைவாகிவிடாதா?

ஆகாது. அச்சுக்குப் போகும் முன் வரைவை அனுப்பும்படி கேளுங்கள்; பெரும்பாலான அமைப்பாளர்கள் மகிழ்ச்சியோடு அனுப்புவார்கள். முதலில் பார்க்க வேண்டியவை வினைச்சொற்கள். ‘கைதூக்கிவிட்டார்’, ‘வாழ்வளித்தார்’, ‘அடையாளம் தந்தார்’ என்றெல்லாம் எழுதியிருந்தால், எதிரே இருந்தவர்கள் எதுவும் செய்யாமல் காத்துக்கொண்டிருந்தார்கள் என்று பொருள்படுகிறது. என்ன செய்தீர்களோ அதை மட்டும் சொல்லும் வினையை அங்கே வைக்கச் சொல்லுங்கள்: விதியை மாற்றினார், பயிற்சிக்கு நிதி கேட்டுப் பெற்றார், நேர்காணல் முறையைத் திருத்தினார்.

‘குரலற்றவர்களின் குரல்’ என்ற தொடர் எனக்குத் தந்த விருதுப் பட்டயத்தின் வரைவிலும் இருந்தது. அதை நீக்கச் சொன்னேன். எங்கள் துறையில் பார்வையற்றவர்கள் இன்று உலகெங்கும் இலவசமாகப் பயன்படுத்தும் திரைவாசிப்பானாகிய என்.வி.டி.ஏ.வை 2006இல் எழுதத் தொடங்கிய மைக்கேல் கரனும், அதில் அவரோடு சேர்ந்துகொண்ட ஜேம்ஸ் டேயும் பார்வையற்றவர்கள். திரைவாசிப்பானை விலை கொடுத்து வாங்க முடியாதவர்களுக்கும் கணினி பயன்பட வேண்டும் என்று தாங்களே கருவியைச் செய்துகொண்டவர்களுக்குக் குரல் இல்லை என்று எப்படி எழுதுவது? குரல் இருக்கிறது; கூட்டம் நடக்கும் அறைக்குள் அது நுழைய விடப்படவில்லை. நான் செய்ததெல்லாம் சில அறைகளின் கதவைத் திறந்துவைத்ததுதான்.

என்னை நானே பரிந்துரைத்துக்கொள்வது தவறா?

விதி அனுமதித்தால் தவறில்லை. ஆனால் அந்தச் சமூகத்தைச் சேர்ந்த இருவராவது, உங்களுக்குக் கீழே பணியாற்றாதவர்களாக, தம் விருப்பத்தோடு ஆதரவுக் கடிதம் தர வேண்டும். உங்களிடம் சம்பள உயர்வையோ பரிந்துரையையோ எதிர்பார்த்திருப்பவரிடம் அப்படியொரு கடிதம் கேட்பது, அவர் மறுக்க முடியாத ஒன்றைக் கேட்பதாகும்.

பரிந்துரைக் கடிதம் எழுதும்போது அவர்களுடைய வாழ்க்கைக் கதையைச் சொல்லலாமா? கதை இருந்தால்தானே தேர்வுக்குழு உருகும்?

இதில் நான் செய்த பிழையைச் சொல்லியாக வேண்டும். தேர்வுக்குழுவுக்கு வருவதற்கு முன், வேறொருவருக்காகப் பரிந்துரைக் கடிதம் ஒன்று எழுதினேன். அவர் வழிகாட்டி வளர்த்த ஒரு பார்வையற்ற நிரலாளர் எந்தச் சூழ்நிலையில் பார்வையை இழந்தார், அவர் குடும்பம் அப்போது என்ன பாடுபட்டது என்றெல்லாம் உருக்கமாக விவரித்தேன். நட்பின் பேச்சில் அந்த நிரலாளர் என்னிடம் சொன்னவை அவை. விழா மலரில் என் கடிதத்தின் அந்தப் பகுதியை அப்படியே அச்சிட்டுவிட்டார்கள். அதைத் தம் திரைவாசிப்பானில் கேட்ட அவர் என்னிடம் சொன்னது ஒரு வாக்கியம்: “அந்தக் கடிதத்தில் நான் எழுதிய நிரல் ஒன்றுகூட இல்லையே.” மன்னிப்புக் கேட்டேன், மன்னித்தார். ஆனால் மலரைத் திரும்பப் பெற முடியவில்லை. அது இன்னும் பலர் வீட்டில் இருக்கிறது.

அதன்பின் நான் கடைப்பிடிக்கும் முறையைச் சொல்கிறேன். கடிதத்தில் இன்னொருவர் வருகிறார் என்றால், அவரைப் பற்றிய பகுதியை அவருக்கு அனுப்பி, எழுத்தில் சம்மதம் பெறுகிறேன். துன்பத்தை எழுதாமல் தடையை எழுதுகிறேன்: எந்த விதி, எந்தக் கருவி, எந்த வழக்கம் அவரைத் தடுத்தது, அது எப்போது எப்படி நீங்கியது. உருக்கம் தேவைப்படும் தேர்வுக்குழு என்று ஒன்று இருந்தால், அதன் விருதைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. நான் இருந்த குழுவில், தடையைத் தெளிவாக எழுதிய கடிதங்களே கடைசிச் சுற்றுவரை நின்றன.

ஐந்து பேர் சேர்ந்து செய்த வேலைக்கு என் பெயர் மட்டும் வந்திருக்கிறது. இனி என்ன செய்ய முடியும்?

அறிவிப்புக்கு முன்பாகத் தெரியவந்தால் நிறையச் செய்ய முடியும். 1903ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசுக்குப் பிரெஞ்சு அறிவியல் கழகத்தினர் அனுப்பிய பரிந்துரையில் ஆன்றி பெக்கரலும் பியர் கியூரியும் மட்டுமே இருந்தார்கள். மேரி கியூரியின் பெயர் இல்லை. சுவீடன் கணித அறிஞர் மிட்டாக்-லெஃப்லர் இதைப் பியருக்குத் தெரிவித்தார். கதிரியக்க ஆய்வுக்காகத் தம்மைக் கருதுவதாக இருந்தால் மேரியோடு சேர்த்தே கருத வேண்டும் என்று பியர் பதில் எழுதினார். பரிசு மூவருக்கும் பகிர்ந்து வழங்கப்பட்டது. இதில் உரிய நேரத்தில் செய்தி சொன்ன மிட்டாக்-லெஃப்லரையும் நான் மறப்பதில்லை. தேர்வுக்குழுக்களுக்கு அருகில் இருப்பவர்கள் செய்யக்கூடிய உதவி அது.

முன்கூட்டியே உடன்பாடு செய்துகொள்வது இன்னும் நல்லது. 1974இல் அமெரிக்கத் தேசியப் புத்தக விருதின் கவிதைப் பிரிவுக்கு ஏட்ரியன் ரிச், ஆட்ரி லார்ட், ஆலிஸ் வாக்கர் ஆகிய மூவரும் பரிந்துரைக்கப்பட்டிருந்தார்கள். லார்டும் வாக்கரும் கறுப்பினத்தவர், ரிச் வெள்ளையர். யார் வென்றாலும் எல்லாப் பெண்களின் சார்பிலும் மூவருமாகவே ஏற்பது என்று அறிக்கை எழுதிவைத்துக்கொண்டார்கள். விருது ரிச்சுக்கு வந்தது. மேடையில் அந்தக் கூட்டறிக்கையை வாசித்தார். வென்ற பிறகு பகிர்வது பெருந்தன்மையாகப் பார்க்கப்படும். வெல்வதற்கு முன்பே பகிர்ந்துகொள்வதில் கொடுப்பவர் என்றும் பெறுபவர் என்றும் யாரும் இல்லை.

அறிவிப்பு வெளியாகிவிட்டது, விதியில் கூட்டு விருதுக்கு இடமில்லை என்றால், பட்டயத்தின் வாசகத்திலும் அமைப்பின் ஆவணத்திலும் மற்ற நால்வரின் பெயரைச் சேர்க்கக் கேளுங்கள். மேடையில் வாயால் சொல்வது காற்றோடு போய்விடும்; பத்தாண்டு கழித்துத் தேடுபவருக்குக் கிடைப்பது எழுத்தில் இருப்பதுதான்.

ஏற்புரையில் என்ன பேசுவது? மூன்று நிமிடம் தந்திருக்கிறார்கள்.

மூன்று நிமிடம் போதும். எந்தத் தடை இருந்தது, யார் யார் சேர்ந்து அதை நீக்கினோம், இன்னும் எது நீங்கவில்லை என்ற மூன்றையும் சொல்லுங்கள். மூன்றாவதுதான் முக்கியம். துறையின் பெரிய பொறுப்பில் இருப்பவர்கள் எல்லோரும் எழுந்து போக முடியாமல் உட்கார்ந்து உங்களைக் கேட்கும் நேரம் அது. நீங்காத தடையைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அதை நீக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதையும் மரியாதையாகச் சொல்லிவிடுங்கள்.

‘அவர்களிடமிருந்து நான் வாழ்க்கையைக் கற்றுக்கொண்டேன்’, ‘இத்தனை குறைகளோடும் புன்னகைக்கிறார்கள்’ என்பன போன்ற வாக்கியங்களை விட்டுவிடுங்கள். சக்கர நாற்காலியைப் பயன்படுத்திய ஆஸ்திரேலிய இதழாளர் ஸ்டெல்லா யங், 2014இல் ஆற்றிய ஓர் உரையில், தமக்கு 15 வயதாக இருந்தபோது ஊரார் ஒருவர் தம்மைச் சாதனை விருதுக்குப் பரிந்துரைக்க விரும்பியதையும், பெற்றோர், அவள் இன்னும் எதையும் சாதிக்கவில்லையே என்று பதில் சொன்னதையும் நினைவுகூர்ந்தார். பள்ளிக்குப் போவதும் தேர்வு எழுதுவதும், மாற்றுத்திறனாளி செய்தால் மட்டும் பிறருக்கு ஊக்கமருந்தாக ஆகிவிடுவதை அவர் கடுமையாக எதிர்த்தார். நீங்கள் துணைநின்றவர் சிறந்த வடிவமைப்பாளர் என்றால் வடிவமைப்பைப் பற்றிப் பேசுங்கள்; அவர் எதைத் தாண்டி வந்தார் என்பதைச் சொல்ல விரும்பினால் அவரே சொல்லிக்கொள்வார். பாராட்டுரையின் வினைச்சொற்களைப் பற்றி மேலே சொன்னது ஏற்புரைக்கும் பொருந்தும்.

விழா நடக்கும் அரங்குக்கே அவர்களால் வர முடியாது போலிருக்கிறது. இதையெல்லாம் விருது வாங்குபவர் கேட்கலாமா?

கேட்க வேண்டியவரே நீங்கள்தான். உங்கள் சொல்லை அமைப்பாளர்கள் தட்ட மாட்டார்கள். அழைப்பை ஏற்றுக்கொள்ளும் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள், விழாவுக்கு முந்தைய வாரம் கேட்டால் நேரமிருக்காது. பார்வையாளர் பகுதிக்குச் சாய்தளம் இருக்கும், மேடைக்கு இருக்காது. சக்கர நாற்காலியில் வருபவர் மேடையேறக்கூடும் என்பதையே யாரும் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். சைகைமொழி பெயர்ப்பாளர் ஒருவர் வருகிறார் என்றால் போதாது; அந்த வேலையின் களைப்பு காரணமாக, நீண்ட நிகழ்ச்சிகளில் இருவர் இருபது, முப்பது நிமிடங்களுக்கு ஒருமுறை மாறிமாறிச் செய்வதே அத்தொழிலின் வழக்கம். திருநர் விருந்தினர்களுக்கு எந்தக் கழிப்பறை என்பதையும், நுழைவுச் சீட்டில் எந்தப் பெயர் அச்சாகும் என்பதையும் முன்பே தீர்த்துவைக்க வேண்டும். நுழைவுச் சீட்டுக்கு விலை இருந்தால், உங்களோடு உழைத்தவர்களின் இருக்கைகளை அமைப்பாளர்களின் செலவில் ஒதுக்கச் சொல்லுங்கள்.

விருதோடு பணமும் வருகிறது. வைத்துக்கொள்ளலாமா?

வைத்துக்கொள்வது குற்றமில்லை. இந்த வேலைக்காகப் பதவி உயர்வை இழந்தவர்களும், கடன் வாங்கியவர்களும் இருக்கிறார்கள்; அவர்களிடம் போய் எல்லாவற்றையும் கொடுத்துவிடு என்று சொல்ல எனக்கு நா எழாது. கொடுப்பது என்று முடிவு செய்தால், எங்கே கொடுப்பது என்பதை அந்தச் சமூகத்தார் முடிவு செய்யட்டும்.

கொடுத்த விதத்துக்கு நான் எப்போதும் எடுத்துக்காட்டுவது ஜோசலின் பெல் பர்னெலை. 1967இல் ஆய்வு மாணவியாக இருந்தபோது பல்சார் என்ற துடிக்கும் விண்மீன் வகையின் முதல் துடிப்பைக் கண்டறிந்தவர் அவர். 1974இல் அந்தக் கண்டுபிடிப்புக்காக நோபல் பரிசு அவருடைய வழிகாட்டி ஆண்டனி ஹூயிஷுக்குக் கிடைத்தது. பெல் பர்னெலின் பெயர் சேர்க்கப்படவில்லை. 2018இல் அடிப்படை இயற்பியலுக்கான சிறப்பு பிரேக்த்ரூ பரிசாக அவருக்கு 30 லட்சம் டாலர் வந்தபோது, இயற்பியலில் குறைவாக இடம்பெற்றுள்ள சமூகங்களைச் சேர்ந்த முனைவர் பட்ட மாணவர்களுக்கான உதவித்தொகையாக முழுவதையும் கொடுத்துவிட்டார். ஒருமுறை நன்கொடையாகச் செலவழிந்துவிடாமல், துறைக்குள் ஆட்களைத் தொடர்ந்து கொண்டுவரும் வழியாக அந்தப் பணம் ஆகியிருக்கிறது. முதல் பதிலில் சொன்ன ‘எது மிஞ்சும்’ என்ற கேள்வியைப் பணத்துக்கும் கேட்டுப் பாருங்கள். எந்த நாட்டிலும் வரி விதியை மட்டும், தொகையைக் கைமாற்றும் முன்பே, கணக்கரிடம் தெரிந்துகொள்ளுங்கள்.

என் நிறுவனம் இந்த விருதைத் தன் விளம்பரத்துக்குப் பயன்படுத்துகிறது. உள்ளே நிலைமை அப்படி இல்லை என்பது எனக்குத் தெரியும்.

விருது உங்கள் கையில் ஒரு பிடியைத் தந்திருக்கிறது. அது தளர்வதற்கு முன் பயன்படுத்துங்கள். விளம்பரத்தில் உங்கள் படமும் பெயரும் வர உங்கள் இசைவு வேண்டும் என்பதால், இசைவுக்கு முன் ஒரு பேச்சுக்கு இடமிருக்கிறது. நிறுவனத்தில் அந்தச் சமூகத்தார் எத்தனை பேர், எந்தப் பதவிகளில், என்ன ஊதியத்தில் இருக்கிறார்கள், சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இரண்டாண்டுக்குள் விலகினார்கள் என்ற கணக்கை நிர்வாகத்திடம் கேளுங்கள். விளம்பர வாசகத்தில் அந்தக் கணக்கைச் சேர்க்க மறுத்தால், அவர்கள் வெளியே சொல்லக் கூசுவது எது என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும். அப்போது, கணக்கு திருந்திய பிறகு படத்தைப் போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லிவிடுங்கள்.

வேலையை இழக்கும் அச்சம் உங்களுக்கு இருந்தால் தனியாக இதைச் செய்ய வேண்டாம். பணியாளர் சங்கமோ, விருது தந்த அமைப்போ உங்களுக்குப் பதிலாகக் கேட்கலாம். நான் குழுவில் இருந்தபோது, விருது பெற்றவரின் நிறுவனத்துக்கு அப்படி இரண்டு முறை கடிதம் எழுதினோம். ஒன்றுக்குப் பதில் வந்தது, வேலைக்கு எடுக்கும் முறையும் மாறியது.

அந்தச் சமூகத்தைச் சேர்ந்த ஒருவரே எனக்கு விருது தந்ததைப் பொதுவெளியில் கண்டித்துவிட்டார். மனது உடைந்துவிட்டது. பதில் சொல்ல வேண்டுமா?

அன்றைக்குச் சொல்ல வேண்டாம். மனம் புண்பட்ட நேரத்தில் எழுதும் பதில், ‘இவ்வளவு செய்தேனே’ என்ற கணக்கு வாசிப்பாகத்தான் முடியும். மறுநாள் அதைத் திரும்பப் படித்து, கண்டனம் உங்கள்மீதா, விருது என்ற ஏற்பாட்டின்மீதா என்று பிரித்துப் பாருங்கள். நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவை ஏற்பாட்டின்மீது வந்தவை: அதே வேலையை இருபது ஆண்டுகளாகத் தங்களுக்குள் செய்துவருபவர்களை யாரும் மேடைக்கு அழைக்கவில்லை, வெளியார் ஒருவர் செய்ததும் அது சாதனையாகிவிடுகிறது என்பதே அவற்றின் சாரம். அது உண்மையும்கூட. ‘எங்களை விலக்கிவிட்டு எங்களைப் பற்றி எதுவும் வேண்டாம்’ என்று மாற்றுத்திறனாளிகள் இயக்கம் 1990களிலிருந்து உலகெங்கும் சொல்லிவருவது விருதுகளுக்கும் பொருந்தும். அந்த நிலையில், கண்டித்தவர் சொல்வது சரி என்று நீங்களும் வெளிப்படையாகச் சொல்லி, தேர்வுக்குழுவில் அச்சமூகத்தார் பாதிக்குமேல் இருக்க வேண்டும் என்று அமைப்புக்கு எழுதலாம். எங்கள் குழு அப்படி மாற்றி அமைக்கப்பட்டதும் ஒரு கண்டனத்துக்குப் பிறகுதான்.

கண்டனம் உங்கள் செயலைப் பற்றியது என்றால், நடுவில் ஆள் வைக்காமல், அவர் விரும்பினால் மட்டும், நேரில் கேளுங்கள். உங்களுக்கு வேண்டியவர்களை அவருக்கு எதிராகப் பேசவிடாதீர்கள். உங்களுக்காக எழும் கூட்டத்தின் கோபம் அவருடைய வேலைவாய்ப்பைக் கெடுத்துவிடும். சமூகத்தார் எல்லோரும் ஒருமித்த கருத்தோடு இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் அநீதியே. வேறு எந்தக் கூட்டத்தாரிடமும் நாம் அதை எதிர்பார்ப்பதில்லை.

அப்படியானால் வாங்காமல் மறுத்துவிடுவதே மேல் அல்லவா?

சில சமயம் மேல். தருகின்ற அமைப்பே அந்தச் சமூகத்துக்குத் தீங்கு செய்து, அதை ஒப்புக்கொள்ளாமல் இருந்தால் மறுக்கலாம். ஆனால் மறுப்பின் விலையை யார் செலுத்துவார்கள் என்று பார்த்துச் செய்யுங்கள். 1973இல் ஆஸ்கர் விருதை, அமெரிக்கப் பழங்குடிகளைத் திரைத்துறை நடத்திய விதத்தைக் கண்டித்து, மார்லன் பிராண்டோ மறுத்தார். மேடைக்கு வந்தவர் அவரல்ல; அவர் சார்பில் சச்சீன் லிட்டில்ஃபெதர் என்ற இளம்பெண் வந்தார். 60 வினாடிக்கு மேல் பேசக்கூடாது என்று அவரிடம் சொல்லியிருந்தார்கள். அரங்கில் எழுந்த கூச்சலை அவரே எதிர்கொண்டார். ஆஸ்கர் அகாதெமி அவரிடம் மன்னிப்புக் கேட்டது 2022இல், ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து. பிராண்டோவின் நோக்கத்தை நான் மதிக்கிறேன். ஆயினும் மறுப்பவர் தாமே போய் நின்று மறுக்க வேண்டும் என்றே நினைக்கிறேன்.

வாங்குவதா மறுப்பதா என்று உங்களோடு உழைத்தவர்களைக் கேளுங்கள். நான் மறுக்க நினைத்தபோது எங்கள் பணிக்குழுவில் இருந்த பார்வையற்ற நண்பர் தடுத்தார். அந்தப் பட்டயத்தைக் காட்டித்தான் அடுத்த ஆண்டு பயிற்சிக்கான நிதியைக் கேட்க முடியும் என்றார். அவ்வாறே கேட்டோம், கிடைத்தது.

பல ஆண்டுகளுக்கு முன் நானே அந்தச் சமூகத்தைப் பற்றி இழிவாகப் பேசியிருக்கிறேன். இப்போது யாராவது கிளறினால்?

கிளறும்வரை காத்திருக்காமல், ஏற்கும் முன்பே தேர்வுக்குழுவிடம் எழுத்தில் சொல்லிவிடுங்கள். மாறியவர்களுக்கு விருது தரக்கூடாது என்று எந்தக் குழுவும் சொன்னதாக எனக்குத் தெரியாது. மறைத்தது பின்னால் தெரியவந்தபோதுதான் விருது திரும்பப் பெறப்பட்டதைப் பார்த்திருக்கிறேன். உங்கள் பேச்சால் புண்பட்டவர் யாரென்று தெரிந்தால், விருதைப் பற்றிய பேச்சே இல்லாமல், முதலில் அவரிடம் மன்னிப்புக் கேளுங்கள்.

தன்விவரக் குறிப்பில் இதை எப்படி எழுதுவது?

விருதின் பெயர், ஆண்டு, எந்தப் பணிக்காக என்று ஒரு வரி. கூட்டாகச் செய்தது என்றால் ‘குழுவினரோடு’ என்ற சொல் அந்த வரியில் இருக்கட்டும்.

விருது வாங்கியதிலிருந்து அந்தச் சமூகத்தைப் பற்றிப் பேச எல்லோரும் என்னையே கூப்பிடுகிறார்கள். எப்படித் தவிர்ப்பது?

தவிர்த்தால் மட்டும் போதாது, அழைப்பை உரியவரிடம் திருப்பிவிட வேண்டும். மேலே சொன்ன பீட்டர் நார்மனிடம் இன்னும் ஒன்று கற்றுக்கொள்ள இருக்கிறது. 2005இல் சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகத்தில் அந்தப் பதக்க மேடையைச் சிலையாக வடித்தபோது, தம் உருவத்தை வைக்க வேண்டாம் என்று அவரே சொன்னார். பார்க்க வருபவர்கள் ஏறி நிற்கும்படி இரண்டாம் இடம் அங்கே காலியாகவே இருக்கிறது.

நடைமுறையில் நான் செய்வது, பேச அழைக்கும் கடிதம் வந்தால், அந்தப் பொருளை வாழ்ந்து அறிந்த இருவரின் பெயரை, அவர்களிடம் கேட்டுக்கொண்டு, பதிலில் எழுதுகிறேன். எனக்குத் தருவதாகச் சொன்ன அதே மதிப்பூதியமும் பயணச் செலவும் அவர்களுக்கும் உண்டா என்று அந்தக் கடிதத்திலேயே கேட்கிறேன். என்னை அழைக்கும்போது இருந்த தொகை அவர்கள் பெயரைச் சொன்னதும் பலமுறை இல்லாமல் போயிருக்கிறது. அப்படிப்பட்ட இடங்களுக்கு நானும் போவதில்லை. ஏன் போகவில்லை என்பதைக் காரணத்தோடு எழுதி அனுப்பிவிடுகிறேன்.